மௌனத்தில் இருந்தவரிடம் வாங்கிய பெட்டி

என் மனைவி விதித்தது ஒரே ஒரு நிபந்தனை. கூடத்தில் கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ளலாம். அது பாட்டுப் பாடலாம், படம் காட்டலாம். ஆனால் சும்மா இருக்கிற நேரத்தில் அது சும்மா இருக்க வேண்டும். அதன் மூச்சுச் சத்தம் காதில் விழுந்தால் அன்றைக்கே மாடிப்படிக்கு அடியில் போய்விடும்.

அங்கே ஏற்கெனவே ஒன்று கிடந்தது. என் பழைய கம்ப்யூட்டர். அதன் விசிறி ஓடும்போது பாட்டுக் கேட்பது, மாவு மில்லுக்குள் நாற்காலி போட்டுக் கச்சேரி கேட்பது போல இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அதை ஒயரோடு தூக்கிக்கொண்டு போய் அங்கே வைத்தாள். நான் தடுக்கவில்லை. கனமாக இருக்கிறதே என்று கதவைத் திறந்துவிட்டேன்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் பிரிவில் அவளுக்கு வேலை. திங்கட்கிழமை என்றால் மாவட்டத்தின் பாதித் தகராறு அவள் மேசைக்கு முன்னால் வந்து நின்று ஒரே நேரத்தில் பேசும். வரப்புச் சண்டை ஒரு காதில், முதியோர் பென்ஷன் இன்னொரு காதில், நடுவில் மைக்கில் டோக்கன் கூப்பிடுகிற குரல். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் டீ போட்டுக்கொண்டு கூடத்து ஜன்னலோரம் உட்காருவாள். டிவி கிடையாது, பேச்சு கிடையாது. டீ தீர்கிற வரைக்கும், தீர்ந்த பிறகும் கொஞ்ச நேரம். அன்றைக்கு அவளுக்கென்று கிடைப்பது அவ்வளவுதான். அது கெட்டால் தலைவலி வரும். வந்தால் மறுநாள் வரைக்கும் போகாது.

நான் வீட்டிலிருந்து எழுதுகிறவன். நகைச்சுவை எழுத்தாளர் என்று பத்திரிகையில் போடுகிறார்கள். வீட்டில் இன்னும் யாரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கல்லூரிக் காலத்திலிருந்து சேர்த்த கேசட்டுகளையும் சிடிக்களையும் பொறுமையாக ஒரு டிஸ்க்கில் ஏற்றி வைத்திருந்தேன். அதை நல்ல ஸ்பீக்கரில் போட்டு, கால் நீட்டி உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்குக் கூடத்தை விட்டால் வேறு இடம் இல்லை. காதில் மாட்டிக்கொண்டு கேட்கலாமே என்பார்கள். எனக்கு அது ஒத்துவராது. காதை மூடிக்கொண்டால் பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியாமல் போய்விடும்.

இதிலிருந்தே என் சுபாவம் தெரிந்திருக்கும். எல்லாரும் தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குவார்கள். நான் தேங்காயைத் தட்டிவிட்டுக் கடைக்காரர் முகத்தையும் பார்ப்பேன். பால் பாக்கெட்டில் தேதியைப் பார்ப்பேன். பிறகு அந்தத் தேதியை யார் அடித்திருப்பார்கள் என்று யோசிப்பேன்.

விசிறியே இல்லாத கம்ப்யூட்டர் பெட்டிகள் இருக்கின்றன என்று இணையத்தில் படித்தேன். பெட்டியே கெட்டியான அலுமினியத்தில் வார்த்தது. மேலே சீப்பு மாதிரி வரிவரியாகப் பட்டைகள் இருக்கும். உள்ளே கிளம்பும் சூட்டை அந்தப் பட்டைகள் வாங்கி வெளியே விட்டுவிடும். சுழல்வது எதுவும் இல்லை, ஆகவே சத்தமும் இல்லை. சத்தமே இல்லை என்று சத்தியம் செய்தவர்களின் அனுபவங்களையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க சந்தேகம் ஜாஸ்தி ஆனது. இத்தனை பேர் ஒரே மாதிரி புகழ்வதென்றால் இவர்களுக்குள் ஏதோ ஏற்பாடு இருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு எதிர்ச் சந்தில் இருக்கும் காபிக் கடையின் அறிவிப்புப் பலகையில் அந்தச் சீட்டைப் பார்த்தேன். ஊரை விட்டுப் போகிற வெள்ளைக்காரர்கள் தங்கள் சாமான்களை விற்கும் பலகை அது. சைக்கிள், மெத்தை, மிக்ஸி, யோகா பாய். நடுவில், விசிறியில்லாத கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று, மின்சார அடாப்டரோடு. 'மிக அமைதியானது' என்று கீழே அடிக்கோடிட்டு எழுதியிருந்தது. அடிக்கோடு எதற்கு என்று எனக்குள் கேள்வி வந்தது. ஆனாலும் போனேன்.

காபிக் கடைக்குப் பின்னால் ஒரு வீட்டு மாடியில் அறை. கதவைத் திறந்தவர் உயரமாக, ஒல்லியாக, என்னைவிட ஒழுங்காக வேட்டி கட்டியிருந்தார். கழுத்தில் கயிற்றில் ஓர் அட்டை தொங்கியது. 'மௌனத்தில் இருக்கிறேன்.'

வெளியூர்க்காரர்களுக்கு இது விசித்திரமாக இருக்கலாம். எங்கள் ஊரில் அந்த அட்டையைப் போட்டுக்கொண்டு கத்தரிக்காய் வாங்குபவர்களை நான் பார்த்திருக்கிறேன். பேச்சுக் கொடுத்து அவர்களுடைய விரதத்தைக் கலைத்தால் பாவம் என்று ஆட்டோக்காரர்கூட நினைப்பார். கூலியை விரலால்தான் காட்டுவார், அந்த விரல்கள் மட்டும் கம்மியாக இருந்ததில்லை. சந்தேகம் வந்தாலும் மௌனக்காரரைத் துருவிக் கேட்பது இங்கே மரியாதை இல்லை. நான் பிறந்து வளர்ந்த ஊர் இது. மரியாதை ரத்தத்தில் இருக்கிறது, அதுவும் தப்பான நேரத்தில் வேலை செய்கிறது.

சந்தேகப் பிராணிக்கு எதிராளி பேச வேண்டும். அவன் பேசும்போதுதான் எங்கே தயங்குகிறான், எங்கே தேவைக்கு மேல் விளக்குகிறான் என்று பிடிக்க முடியும். இவர் தலையை மட்டும் ஆட்டினார். ரிப்பேர் ஆகியிருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று ஆட்டினார். சூடாகுமா என்றேன், தாங்கும் என்கிற மாதிரி கையைக் காட்டினார். பிறகு அவரே அடாப்டரைச் சொருகி ஓட்டிக் காட்டினார். சின்ன நீல விளக்கு எரிந்தது. நான் குனிந்து பெட்டி மேல் காதை வைத்தேன். அடாப்டர் மேலும் வைத்தேன். எதுவும் இல்லை. கிணற்றுக்குள் மாதிரி இருந்தது. சத்தமே இல்லையே என்று இங்கிலீஷில் வாய்விட்டுச் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார். பிறகு புன்னகை செய்து கைகூப்பினார்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் திரும்பும்போது அந்தப் புன்னகையைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன். பற்றற்றவரின் புன்னகையா, பொருளைத் தள்ளிவிட்டவரின் புன்னகையா? இந்த ஊரில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாமல் எத்தனையோ பேர் வெளிநாட்டிலிருந்தே வந்து தங்கியிருக்கிறார்கள். நான் யார்?

மற்ற பாகங்களைச் சென்னையிலிருந்து வரவழைத்தேன். சுழலாத டிஸ்க், சூடு கம்மியான பிராசஸர். சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து எல்லாவற்றையும் பொருத்தினேன். ஒரே ஒரு திருகாணி மிச்சம் வந்தது. அது எங்கே சேர வேண்டியது என்று இன்றுவரை தெரியாது. டிவிக்குக் கீழே பெட்டியை வைத்து, ஸ்பீக்கரை இணைத்து ஓட்டினேன். ஒரு பழைய நாகஸ்வர ஒலிப்பதிவு. முடிந்ததும் வந்த நிசப்தம் அந்த வாசிப்பைவிட நன்றாக இருந்தது என்று தோன்றியது. என்னை நானே பாராட்டிக்கொண்டேன். அருகில் வேறு யாரும் இல்லை.

சாயங்காலம் அவள் டீயோடு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் பெட்டியை ஓடவிட்டு, பாட்டை நிறுத்தி வைத்திருந்தேன். அது ஒரு பரீட்சை. டீயில் பாதிகூடப் போகவில்லை, அவள் தலையைத் திருப்பினாள்.

"ஏங்க, ஏதோ கீ கீனு கேக்குதே."

எதுவும் இல்லை என்றேன். இருக்குது என்றாள். கொசு காதுகிட்ட வந்துட்டு வந்துட்டுப் போற மாதிரி, ஆனா போகவே மாட்டேங்குது என்றாள். நான் மறுபடி பெட்டியின் மேல் காதை வைத்தேன். அதே கிணறு.

முதல் சந்தேகம் இயல்பாகவே அவள் மேல் விழுந்தது. டிவிக்குக் கீழே இருக்கும் அந்த இடத்தில் கொலு பொம்மைகளுக்கு ஓர் அலமாரி வைக்க வேண்டும் என்று அவள் முன்பு சொன்னது நினைவுக்கு வந்தது. ஆக, காரணம் இருக்கிறது. காரணம் இருக்கிறவர் சொல்லும் சாட்சியத்தை எந்தக் கோர்ட்டும் அப்படியே ஏற்காது.

ரகசியமாக ஒரு சோதனை வைத்தேன். சில சாயங்காலங்களில் பெட்டியை ஓடவிட்டேன், சிலவற்றில் அணைத்து வைத்தேன். எதுவும் தெரியாதவன் போல, இன்றைக்கு எப்படி என்று கேட்டேன். ஒவ்வொரு தடவையும் சரியாகச் சொன்னாள். நீல விளக்கைப் பார்த்துச் சொல்கிறாள் என்று முடிவு செய்து, கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்த அவளுடைய ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து அந்த விளக்கின் மேல் ஒட்டினேன். அப்போதும் சரியாகச் சொன்னாள். கூடவே, பெட்டிக்குப் பொட்டு நல்லாத்தான் இருக்குது, பூவும் வெச்சிடுங்க என்றாள்.

பிறகு சந்தேகம் வீடு முழுக்கச் சுற்றியது. ஃபிரிட்ஜை அணைத்துப் பார்த்தேன். தயிர் புளித்ததுதான் மிச்சம். பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் இரைகிறது என்று போய் விசாரித்தேன். அந்த வீட்டுக்காரர் என்னை உட்காரவைத்துக் காபி கொடுத்து, தம்மிடம் இன்வெர்ட்டரே இல்லை என்றார். கைப்பேசியில் சத்தத்தை அளக்கும் செயலி ஒன்றை இறக்கினேன். அதில் ஓர் ஓரத்தில், உச்ச ஸ்தாயியில், பெட்டி ஓடும்போது மட்டும் ஒரு கோடு ஊசி போல எழுந்து நின்றது. அந்தச் செயலியை அழித்துவிட்டேன். இலவசமாகக் கிடைப்பது எப்படி உண்மை சொல்லும்?

இதற்கிடையே அவள் டீயை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். அந்த அறையின் ஜன்னல் கிணற்றடிச் சுவரைப் பார்த்து இருக்கிறது. காற்று கிடையாது. நிபந்தனையை அவள் நினைவுபடுத்தவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. என் பெட்டி கூடத்தில் இருந்தது, அவள் இல்லை.

அப்போது பௌர்ணமி வந்தது.

பௌர்ணமி என்றால் எங்கள் ஊரில் ஒவ்வொரு வீடும் சத்திரம். கிரிவலம் போக வரும் சொந்தக்காரர்கள் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, மத்தியானம் சாப்பிட்டு, கூடத்தில் பாய் விரித்துப் படுத்து, வெயில் தாழ்ந்ததும் கிளம்புவார்கள். யாரையும் அழைக்க வேண்டியதில்லை, நிலா அழைத்துவிடும். இந்த முறை வந்தது சேத்துப்பட்டுப் பக்கத்திலிருந்து மனைவியின் அண்ணன் குடும்பம். மச்சானுக்கு என்னைவிட வயது ஜாஸ்தி. அவர் மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. இவர்களுக்குப் பெட்டியைப் பற்றி எதுவும் தெரியாது. கொலு அலமாரியும் கிடையாது. இவர்களைவிட நேர்மையான நடுவர்கள் எங்கே கிடைப்பார்கள்? எல்லாரும் படுத்த பிறகு பெட்டியை ஓடவிட்டுவிட்டு, பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன செய்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் மச்சான் மகள் எழுந்து உட்கார்ந்தாள்.

"மாமா, இன்னாது இது, கீ கீனு காதைத் துளைக்குது? எதுனா ஆஃப் பண்ணாம வெச்சிருக்கீங்களா?"

அவளுடைய அம்மாவும் கண் திறக்காமலே, ஆமாம், படுத்ததிலிருந்தே இருக்குது, சொல்லக் கூடாதுன்னு இருந்தேன் என்றாள். நான் பேப்பரைத் தாழ்த்தி மச்சானைப் பார்த்தேன். அவர் மல்லாந்து படுத்து, மின்விசிறியைப் பார்த்து நிம்மதியாகக் கிடந்தார். என் கட்சிக்கு ஓர் ஆள். அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து கேட்டேன்.

"மச்சான், உங்களுக்கு எதுனா கேக்குதா?"

"இல்லியே மாப்ள. ரொம்ப அமைதியா கீதே உங்க வீடு."

நான் வெற்றியோடு சமையலறைப் பக்கம் திரும்பினேன். மனைவி மச்சானின் தலைமாட்டுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள். அங்கே நின்று, சாதாரணக் குரலில், அண்ணா, டீ போடட்டுமா என்றாள். அவர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு முறை கேட்டாள். மின்விசிறி சுற்றியது.

"அப்பாக்குக் கேக்காது அத்தே," என்றாள் மச்சான் மகள். "முன்னாடி வந்து நில்லுங்க. முதல்ல சன்னமான சத்தம்தான் போச்சு. குக்கர் விசில் அடிச்சாலும் அடிக்கலன்னு சண்டைக்கு வருவாரு. இப்ப ஆளு குரலும் போயிடுச்சு. டாக்டர்கிட்ட வாப்பான்னா, உங்களுக்குத்தான் பேசத் தெரியலங்கறாரு."

யாரும் சிரிக்கவில்லை. மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஜெயித்த சந்தோஷம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் கோபித்துக்கொண்டு வெளியே போயிருப்பேன். அப்படி எதுவும் இல்லை. நான் எழுந்து போய்ப் பெட்டியை அணைத்தேன்.

"அப்பாடா," என்றாள் மச்சான் மகள். எனக்கு எதுவும் மாறவில்லை. முன்னால் இருந்த அதே நிசப்தம்.

அவர்கள் வெயில் தாழ்ந்து கிளம்பினார்கள். நான் கால் வலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டேன். மறுநாள் காலையில் செங்கம் ரோட்டுக்குப் போனேன். என் காது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த மனிதருக்கு விஷயம் தெரியுமா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். சந்தேகம் என்பது அப்படித்தான். தன் வீட்டில் தோற்றதும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டும்.

அறை காலியாக இருந்தது. வீட்டுக்கார அம்மா படிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் போன வாரமே ஊருக்குப் போயிட்டாரே என்றார். பெட்டி வாங்கினவன் என்று என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, அவருக்குக் காது எப்படி என்று கேட்டேன். விநோதமான கேள்விதான். இந்த ஊரில் வாடகைக்கு விடுகிறவர்கள் எந்தக் கேள்விக்கும் அதிர்ச்சி அடைவதில்லை.

"காதா? பாம்புக் காதுங்க அவருக்கு. எதிர் வீட்டுல கடிகாரம் ஓடுறது கேக்குதுன்னு எழுதிக் காட்டுவாரு. அந்தப் பெட்டி கத்துதுன்னு ரொம்ப நாளா மூட்டை கட்டிப் பரண்ல போட்டு வெச்சிருந்தாரு. யாரும் வாங்கல. வந்தவங்க எல்லாம் ஓட்டிப் பாத்துட்டு வேணாம்னு போயிட்டாங்க. நீங்கதான் சாமி மாதிரி வந்தீங்க."

நான் படியிலேயே கொஞ்சம் உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா தண்ணீரை என் பக்கம் வராமல் தள்ளிவிட்டார்.

ஆக, அந்தப் பார்வைக்கு அர்த்தம் இதுதான். பெட்டி கத்துகிறது. அதன் மேல் காதை வைத்துக்கொண்டு ஒருவன் சத்தமே இல்லை என்கிறான். அறையில் இருந்த இருவரில் ஒருவருக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. என் மனைவிக்குத் தெரிவதற்கு முன்னால், டாக்டருக்குத் தெரிவதற்கு முன்னால், என் காது போய்க்கொண்டிருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். அவரால் சொல்ல முடியவில்லை, மௌனத்தில் இருந்தார். சொல்லியிருந்தால் வியாபாரமும் நடந்திருக்காது. இரண்டில் எது அவர் வாயைக் கட்டியது என்று நான் இன்னும் சந்தேகப்படுகிறேன். ஏமாற்றிவிட்டார் என்றும் சொல்ல முடியவில்லை. 'மிக அமைதியானது' என்று எழுதியிருந்தார், என் வரையில் அது முழு உண்மை. ஊரிலேயே அந்தப் பெட்டிக்குப் பொருத்தமான ஒரே ஆளிடம் அதைச் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

காது டாக்டர் என்னைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார். எனக்கு அவர் மேலும் சந்தேகம் வந்தது. நடுவில் நெடுநேரம் எதுவுமே வரவில்லை, மெஷின் நின்றுவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனைவி உட்கார்ந்திருந்தாள். டாக்டர் சத்தம் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. நான் பொத்தானை அழுத்தவில்லை. மேல் ஸ்தாயி மட்டும் போயிருக்கிறது, வயசுக்கு இது சகஜம், மற்றதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், ஸ்பீக்கரை மட்டும் ரொம்பச் சத்தமா வைக்காதீங்க என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் டிஸ்க்கில் இருக்கும் கச்சேரிகளைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். சுத்தமான ஒலிப்பதிவு என்று நான் கொண்டாடியவற்றில் எத்தனை, இரைச்சல் எனக்குக் கேட்காததால் சுத்தமாக இருந்தவை? ஜால்ரா சத்தமே இல்லாமல் அடக்கமாக வாசித்திருக்கிறார்கள் என்று ஒரு பஜனைக் கோஷ்டியைப் புகழ்ந்து எழுதியது வேறு நினைவுக்கு வந்தது. அச்சில் வந்ததும் அதை அவளிடம் படித்துக் காட்டியும் இருந்தேன்.

இந்த மாதிரிப் பெட்டிகளில் கத்துவது அடாப்டர்தான் என்று இணையத்தில் விவரம் தெரிந்தவர்கள் எழுதியிருந்தார்கள். புதிதாக ஒன்று வரவழைத்தேன். பிரச்சினை அதைச் சோதிப்பதில்தான். அது கத்துகிறதா என்று சொல்ல என்னால் முடியாது. கைப்பேசிச் செயலியை மறுபடி இறக்கக் கை போனது. வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

சாயங்காலம் அவள் வந்தாள். நான் பெட்டியை ஓட்டிவிட்டு, கேட்டுச் சொல்லேன் என்றேன். அப்படி எதையும் நான் அவளிடம் கேட்டதில்லை, அதுவும் பாட்டு சம்பந்தமாக. அவள் கைப்பையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து, பெட்டிக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டாள். நான் அவள் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்ல. சத்தம் இல்ல."

"நிஜமாவா?"

"நிஜமாத்தாங்க."

"எனக்காகச் சொல்றியா?"

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "அப்படி ஒருநாளும் உங்களுக்காக நான் எதையும் சொன்னதில்லையே," என்று எழுந்து டீ போடப் போனாள்.

அது உண்மைதான். இருந்தாலும் மனிதர்கள் மாறுவார்கள். பரிதாபம் வந்துவிட்டால் எப்பேர்ப்பட்டவரும் பொய் சொல்வார்கள். அவள் டம்ளரோடு எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். படுக்கையறை வாசலைத் தாண்டி வந்து, ஜன்னலோரம் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். செருப்பில்லாத கால்களை எதிர் ஸ்டூல் மேல் நீட்டிக்கொண்டாள். டீ தீர்ந்தது. அதற்குப் பிறகும் உட்கார்ந்திருந்தாள்.

அடாப்டர் ஸ்விட்ச் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. சத்தமில்லாமல் அணைத்துவிட்டு, அவள் முகம் மாறுகிறதா என்று பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். கை நீண்டது. அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஸ்விட்சுகிட்ட இன்னா பண்றீங்க? பாட்ட போடுங்க. நாகஸ்வரம் போடுங்க. ஜால்ரா வந்தா சொல்றேன்."